வீடியோவோட ஒட்டிக்கிட்ட சப்டைட்டிலை எடுக்கணுமா? காசு குடுக்கிறதுக்கு முன்னாடி இந்த வரிசையில போங்க

கீழ ஓடுற எழுத்தை மட்டும் எடுக்கணும், வீடியோ எடிட்டிங் கடையில குடுத்தா அரை மணி நேரத்துல முடிச்சுருவாங்கன்னுதான் நிறைய பேர் நெனைக்கிறாங்க. அப்படி இல்லைங்க. எங்க பெரியப்பா ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துலயே வாழ்ந்தவரு, அவரு பேசுனதை வீடியோ எடுத்து வெளிநாட்டுல இருக்கிற பேரப்பசங்களுக்காக இங்கிலீஷ் சப்டைட்டிலோட வச்சிருந்தோம், இப்ப அவரோட எண்பதாம் கல்யாணத்துக்கு சேலத்துல மண்டபத்துல பெரிய ஸ்க்ரீன்ல போடணும்னு வந்தப்போ அந்த எழுத்து வேணாம்னு ஆச்சு. அஞ்சு ரோடு, செவ்வாப்பேட்டைன்னு அலைஞ்சு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அந்த அலைச்சல்ல தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் வரிசையா எழுதுறேன், இதே வேலை உங்களுக்கு வந்தா மொதல்ல இருந்து படிச்சிட்டு அப்புறம் கைய வைங்க.

ஒரே ஒரு விஷயம் மனசுல பதிஞ்சுட்டா மத்தது எல்லாம் சுலபம். ஒட்டிக்கிட்ட சப்டைட்டிலுக்குப் பின்னால படம் எதுவும் ஒளிஞ்சுக்கிட்டு இல்ல. எக்ஸ்போர்ட் பண்ணும்போதே அந்த எடத்துல இருந்த பிக்சலை அழிச்சிட்டு வெள்ளை எழுத்தைப் போட்டாச்சு. மாவு அரைச்சப்புறம் அரிசியை வேற உளுந்தை வேறன்னு பிரிக்க முடியாதுல்ல, அந்த மாதிரிதான். எந்த சாஃப்ட்வேர் வந்து "ரிமூவ்" பண்ணுறேன்னு சொன்னாலும் அது பண்றது ரெண்டுல ஒண்ணு, வேற எடத்துல இருந்து நெஜமான படத்தை எடுத்து வந்து ஒட்டுது, இல்லைன்னா இப்படித்தான் இருந்திருக்கும்னு யூகிச்சு வரையுது. முடிஞ்ச வரைக்கும் மொதல் வழியில போகணும், யூகத்தை கடைசிக்கு வச்சுக்கணும், அதுக்குத்தான் இந்த வரிசை.

1. மொதல்ல நெஜமாவே ஒட்டிக்கிட்டதான்னு பாருங்க

வீடியோவை கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர்ல ஓட்டுங்க. எழுத்து வர்ற எடத்துல சப்டைட்டில் மெனுவுக்குப் போய் சப் ட்ராக்ல டிஸேபிள் குடுங்க. எழுத்து போயிருச்சுன்னா அது தனி ட்ராக், உங்க பிரச்சனை முடிஞ்சுது. எம்கேவி ஃபைலா இருந்தா எம்கேவிடூல்நிக்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஃபைலைப் போட்டு சப்டைட்டில் ட்ராக் பக்கத்துல இருக்கிற டிக்கை எடுத்துட்டு சேவ் பண்ணா போதும். படத்தைத் திரும்ப என்கோட் பண்ணாததால, அதாவது புதுசா சுருக்கி எழுதாததால, சில நிமிஷத்துல முடிஞ்சிரும், குவாலிட்டியும் துளி கூட குறையாது.

இதுல ரெண்டு எடத்துல ஏமாறுவீங்க. ஒண்ணு, பென் டிரைவ்ல வீடியோ பேரும் எஸ்ஆர்டி ஃபைல் (சப்டைட்டில் எழுத்தும் நேரமும் மட்டும் இருக்கிற தனி ஃபைல்) பேரும் ஒண்ணா இருந்தா டிவி தானாவே எழுத்தைக் காட்டும், அதைப் பாத்துட்டு ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சுருவோம். அந்த எஸ்ஆர்டியை வேற ஃபோல்டருக்கு மாத்திட்டு ஓட்டிப் பாருங்க. இன்னொண்ணு டிவிடி. டிவிடில சப்டைட்டில் பெரும்பாலும் தனி லேயராத்தான் இருக்கும், அதை யாரோ எம்பி4 ஆக்கும்போது பர்ன் இன்னு (படத்தோட ஒட்டுறது) இருக்கிற டிக்கை எடுக்காம விட்டுட்டாங்கன்னா ஒட்டிக்கும். அப்படின்னா அந்த எம்பி4-ஐ விட்டுட்டு பீரோவுல கெடக்கிற டிவிடியைத் தேடுங்க.

2. எழுத்து இல்லாத ஒரிஜினல் எங்கயாவது இருக்கான்னு தேடுங்க

இதுக்கு ஒரு வாரம் போனாலும் பரவால்ல, இதுல கெடைக்கிற பலன் வேற எதுலயும் கெடைக்காது.

வீடியோ எடுத்தவரைக் கூப்பிடுங்க. "அண்ணா, எடிட் பண்ண ப்ராஜெக்ட் ஃபைல் இருக்குங்களா"ன்னு கேக்கணும். "வீடியோ இருக்கா"ன்னு கேட்டா இருக்குன்னு சொல்லி உங்ககிட்ட இருக்கிற அதே எழுத்து போட்ட ஃபைலைத்தான் அனுப்புவாங்க. ப்ராஜெக்ட் ஃபைலும் ரா ஃபுட்டேஜும் (எடிட் பண்ணாத மூல வீடியோ) அவங்க டிஸ்க்ல இருந்துச்சுன்னா சப்டைட்டில் லேயரை ஆஃப் பண்ணிட்டு ஒரு எக்ஸ்போர்ட், அவ்வளவுதான் வேலை. அதுக்கு ஒரு தொகை கேட்டாங்கன்னா சந்தோஷமா குடுங்க, எந்த ஏஐ வேலையும் அந்த அளவு சுத்தமா வராது. ஸ்டுடியோக்காரங்க பழைய டிஸ்க்கைக் காலி பண்ணி அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துக்குவாங்க, அதனால லேட் பண்ணாம கேளுங்க.

அவங்ககிட்ட இல்லைன்னா சொந்தக்காரங்ககிட்ட கேளுங்க. சப்டைட்டில் போடுறதுக்கு முன்னாடி "இது சரியா இருக்கா பாருங்க"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு காப்பி யாருக்காவது போயிருக்கும். அது மங்கலா இருக்கே, என்னத்துக்கு ஆகும்னு ஒதுக்கிடாதீங்க. அந்த மங்கல் காப்பியில இருந்து கீழ எழுத்து வர்ற பட்டையை மட்டும் வெட்டி, பெரிசாக்கி, நல்ல காப்பி மேல அதே எடத்துல வைக்கலாம். முகம், கை, பின்னால மலை எல்லாம் நல்ல காப்பியில இருந்தே வரும், கீழ ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் சாஃப்டா இருக்கும், மண்டபத்துல யாரும் கவனிக்க மாட்டாங்க. ரெண்டு காப்பியும் ஒரே ஃப்ரேம்ல ஆரம்பிக்குதான்னு கைதட்டுற எடம், கதவு மூடுற எடம் மாதிரி ஒண்ணைப் பிடிச்சு சரிபாத்துட்டு கலரையும் கொஞ்சம் ஒத்து வச்சா போதும்.

யூட்யூப்ல நீங்களே ஏத்தியிருந்தா கூகுள் டேக்அவுட் வழியா உங்க வீடியோவை எடுக்கலாம், யூட்யூப் ஸ்டுடியோ பக்கத்துல வர்ற டவுன்லோடை விட அது மேல். யாராவது ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னு சொன்னா டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, 2 ஜிபி வரைக்கும் அப்படிப் போகும், வீடியோவா அனுப்பினா சுருக்கிரும்.

3. பேப்பர் விஷயம்

கடைக்காரர் கேக்காம விடலாம், ஆனா நீங்க கையில வச்சுக்கோங்க.

காசு குடுத்து நம்ம விசேஷத்துக்கு எடுக்கச் சொன்ன வீடியோன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்துல, 1957-ஆம் வருஷ காப்புரிமைச் சட்டத்தோட 17-ஆவது பிரிவுப்படி எடுக்கச் சொன்னவருதான் மொதல் உரிமையாளர். அதுனால ஸ்டுடியோ குடுத்த பில், அட்வான்ஸ் ரசீது, ஆர்டர் ஃபார்ம் இதை எல்லாம் ஃபோட்டோ எடுத்து வைங்க. ஆர்டர் ஃபார்முக்குப் பின்னால பொடி எழுத்துல இருக்கிற கண்டிஷனைப் படிங்க, அங்க வேற மாதிரி எழுதியிருக்கலாம்.

அடுத்தவங்க எடுத்த வீடியோன்னா அவங்ககிட்ட ஒரு வரி எழுதி வாங்குங்க, "இந்த வீடியோவுல சப்டைட்டில் இல்லாம குடும்ப விசேஷத்துல போட சம்மதம்"னு வாட்ஸ்அப்ல வந்தாக்கூட ஒரு ஆதாரம். முக்கியமா, எழுத்தை எடுக்கிற சாக்குல ஓரத்துல இருக்கிற ஸ்டுடியோ பேரு, எடுத்தவர் பேரு, காப்புரிமை வரி இதை எல்லாம் எடுக்கச் சொல்லாதீங்க. உரிமை விவரத்தைத் தெரிஞ்சே அழிக்கிறது அதே சட்டத்தோட 65பி பிரிவுல வருது, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் எல்லாம் உண்டு. சினிமாப் படத்துல இருந்து சப்டைட்டிலை எடுக்கணும்னு வர்றவங்களுக்கு ஒரே பதில்தான், முறையா விக்கிற காப்பியில சப்டைட்டிலை ஆஃப் பண்ற வசதி இருக்கும், அதை வாங்கிக்கோங்க.

4. எழுத்து எங்க நிக்குதுன்னு அளந்து பாருங்க

எழுத்து வர்ற எடத்துல வீடியோவை நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ரெண்டு வரி வர்ற எடமா பாத்து எடுங்க, ஒரு வரியை மட்டும் வச்சு அளந்தா மேல் வரி தப்பிச்சிரும். அதை பெயின்ட்ல தொறந்தா எந்த பிக்சல்ல ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு காட்டும்.

சினிமா மாதிரி மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விட்டு எடிட் பண்ணியிருக்காங்கன்னு வைங்க. 1920க்கு 1080 ஃப்ரேம்ல படம் உயரத்தை விட 2.40 மடங்கு அகலத்துல இருந்தா படத்தோட உயரம் 800 தான், மேல 140, கீழ 140 கறுப்பு. எழுத்து அந்தக் கீழ் கறுப்புலயே நிக்குதுன்னா அது மேல ஒரு கறுப்புக் கட்டம் போட்டா வேலை முடிஞ்சுது, படத்துல எதுவும் போகல. இதுக்கு எந்த எடிட்டிங் ஆப்பும் போதும்.

எழுத்து படத்து மேலயே கீழ் ஓரமா இருந்தா க்ராப் பண்ணலாமான்னு யோசிங்க. கீழ 150 பிக்சல் வெட்டினா மிச்சம் 930 உயரம், அதே அகல விகிதம் வேணும்னா ரெண்டு பக்கமும் சேத்து 270 பிக்சல் கிட்ட போகும், அப்புறம் படத்தை 1.16 மடங்கு பெரிசாக்கணும். கேக்கிறதுக்கு பெரிசா தெரியும், ஆனா ஒருத்தர் உக்காந்து பேசுற வீடியோவுல கீழ போறது வேட்டியும் நாற்காலிக் காலும்தான். தலை மேல இருக்கிறதால அது தப்பிச்சிரும். குரூப் டான்ஸ், தாலி கட்டுறது, மெட்டி போடுறது, இந்த மாதிரி கீழதான் விஷயமே இருக்குன்னா க்ராப் வேணாம்.

ஹேண்ட்பிரேக்னு ஒரு வீடியோ சாஃப்ட்வேர்ல க்ராப் பண்றவங்க டைமென்ஷன்ஸ் பக்கத்துல ஆட்டோமேட்டிக்கை மாத்தி கஸ்டம்ல நம்பர் போடுங்க, இல்லைன்னா அதுவா ஒரு முடிவு எடுத்து மேல இருக்கிற பட்டையையும் சேத்து வெட்டிரும்.

5. அழிக்கிறதுக்கு முன்னாடி எழுத்தையும் நேரத்தையும் காப்பி எடுங்க

எல்லாரும் இதைத் தாண்டிப் போயிடுறாங்க. அந்த சப்டைட்டில் நாளைக்கு மறுபடி வேணும்னா என்ன பண்ணுவீங்க? அதுக்கும் மேல, எந்த செகண்டுல எழுத்து வருது எப்ப போகுதுங்கிற கணக்கு கையில இருந்தா அந்த எடத்தை மட்டும் வேலை செஞ்சா போதும், மிச்ச வீடியோவைத் தொடவே வேணாம்.

வீடியோசப்ஃபைண்டர்னு இலவச சாஃப்ட்வேர் எழுத்து வர்ற ஃப்ரேமை எல்லாம் நேரத்தோட படமா எடுத்துக் குடுக்கும். அதை டெஸராக்ட் மாதிரி எழுத்துப் படிக்கிற சாஃப்ட்வேர்ல குடுத்து எஸ்ஆர்டி ஆக்கிக்கலாம். இங்கிலீஷ் எழுத்து நல்லா வரும், தமிழ் எழுத்துன்னா டெஸராக்ட்ல தமிழ் டேட்டாவைத் தனியா போடணும், போட்டாலும் ண-வும் ன-வும், ர-வும் காலும் மாறி வரும், உக்காந்து திருத்தணும். சின்ன வீடியோன்னா இது எதுவும் வேணாம், ஒரு நோட்டுல நேரத்தைக் குறிச்சுக்கிட்டாலே போதும்.

6. கேமரா அசையாத ஷாட்டுக்கு: இடைவெளியில இருந்து நெஜப் படத்தை எடுங்க

என்னைக் கேட்டா இதுதான் இருக்கிறதுலயே நல்ல வழி, ஆனா எந்தக் கடையிலயும் இதை அவங்களா சொல்ல மாட்டாங்க, ஏன்னா கையால பண்ணணும், ஒவ்வொரு ஷாட்டா உக்காரணும்.

ஒருத்தர் பேசும்போது ரெண்டு சப்டைட்டிலுக்கு நடுவுல ஒரு இடைவெளி வரும், மூச்சு விடுவாரு, யோசிப்பாரு. அந்த அரை செகண்டுல கீழ எழுத்தே இருக்காது, பின்னால என்ன இருக்குன்னு முழுசா தெரியும். கேமரா ட்ரைபாட்ல நின்னிருந்தா அந்த ஒரு ஃப்ரேமை ஸ்டில்லா எடுத்து, கீழ் பட்டையை மட்டும் வெட்டி, எழுத்து வர்ற நேரம் முழுக்க அதை மேல வச்சிட்டா எழுத்து மறைஞ்சிரும். அங்க தெரியறது யூகம் இல்ல, அதே கேமரா அதே எடத்துல எடுத்த படம். டாவின்சி ரிசால்வோட இலவச வெர்ஷன், கேடென்லைவ், ஷாட்கட் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர் எதுல வேணும்னாலும் பண்ணலாம், செலவு உங்க நேரம் மட்டும்தான்.

பட்டையோட ஓரத்தை ஃபெதர் பண்ணுங்க, அதாவது மெதுவா மங்க விடுங்க, நேர்கோடா வெட்டினா ஒரு கோடு தெரியும். அந்த பட்டைக்குள்ள கை வருதா, துண்டு அசையுதான்னு பாருங்க, வந்துச்சுன்னா அந்த நேரத்துக்கு பட்டையை ரெண்டா உடைச்சு கை வர்ற பக்கத்தை விட்டுட்டு மத்த பக்கத்துக்கு மட்டும் வைங்க. வெளிச்சமும் மாறும். ஏற்காட்டுல வெளியில எடுத்த வீடியோன்னா இது ரொம்பவே படுத்தும், மேகம் ஒண்ணு வந்து போகிற அஞ்சு நிமிஷத்துக்குள்ள படத்தோட கலரே மாறிடும், மொதல் நிமிஷத்துல எடுத்த ஸ்டில்லை பத்தாவது நிமிஷத்துல வச்சா கீழ ஒரு மஞ்சள் பட்டை மாதிரி தனியா தெரியும். அதனால எந்த சப்டைட்டிலோ அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற இடைவெளியில இருந்தே எடுங்க.

எங்க பெரியப்பா திண்ணையில உக்காந்து பேசுற ஷாட் எல்லாம் இப்படித்தான் சரியாச்சு. கீழ தெரியறது சிமென்ட் தரையும் பாய் ஓரமும், ரெண்டும் அசையாதது.

7. எழுத்தை எழுத்தாலயே மூடுறது

எழுத்து வேணாம்னு எதுக்கு சொல்றீங்கன்னு ஒரு தடவை யோசிங்க. மொழிதான் பிரச்சனைன்னா, அதாவது இங்கிலீஷுக்குப் பதிலா தமிழ் வேணும்னா, எடுக்கவே வேணாம், அதே எடத்துல ஒரு அழுத்தமான கறுப்புப் பட்டை போட்டு அது மேல தமிழ் எழுத்தைப் போட்டுருங்க. பாக்கிறவங்க கண்ணு தமிழைப் படிக்கத்தான் போகும், பின்னால என்ன இருக்குன்னு தேடாது. ஏஜிசப், சப்டைட்டில் எடிட்னு ரெண்டு சப்டைட்டில் சாஃப்ட்வேர் இருக்கு, ரெண்டுலயும் எழுத்துக்குப் பின்னால முழுக் கட்டம் வர்ற மாதிரி ஸ்டைல் வைக்கலாம். கட்டம் லேசா ஊடுருவுற மாதிரி இருக்கக் கூடாது, பழைய எழுத்து பேய் மாதிரி பின்னால தெரியும். புது வரி பழசை விட நீளம் கம்மியா இருந்தாலும் ரெண்டு ஓரத்துலயும் பழசு நீட்டிக்கிட்டு நிக்கும், கட்டத்தை நிரந்தர அகலத்துல வைங்க.

தமிழ் எழுத்து உடையறதைக் கவனிங்க. ப்ரீமியர்னு எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டெக்ஸ்ட் என்ஜினை சவுத் ஏஷியன்னு இருக்கிறதுக்கு மாத்தலைன்னா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும், "கொ" எழுதினா அது மூணு துண்டா தெரியும். பழைய பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணிக் குடுக்கிறவங்களும் இருக்காங்க, அதை எஸ்ஆர்டியா சேவ் பண்ணா வேற எங்கயும் படிக்க வராது. யூனிகோட்ல நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒண்ணுல டைப் பண்ணித் தரச் சொல்லுங்க.

8. டிலோகோ, ப்ளர்

எஃப்எஃப்எம்பெக்னு ஒரு வீடியோ சாஃப்ட்வேர்ல டிலோகோன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, ஒரு கட்டத்தைக் காட்டினா சுத்தி இருக்கிற பிக்சலை வச்சு உள்ள நிரப்பும். ஓரத்துல இருக்கிற சின்ன லோகோவுக்கு செஞ்சது அது. ஸ்க்ரீன் அகலத்துல பாதிக்கு ஓடுற ரெண்டு வரி சப்டைட்டிலுக்குப் போட்டா இழுத்து விட்ட மாதிரி ஒரு கறை வரும். பின்னால வெறும் பனிமூட்டமோ வானமோ இருந்தா தெரியாது, மத்த எடத்துல எழுத்து இருந்ததே பரவால்லன்னு தோணும். கடையில "எடுத்தாச்சு"ன்னு குடுக்கிறதுல பாதி இந்த வேலைதான். ப்ளர் பட்டையும் இதே கதை.

9. ஏஐ வச்சு நிரப்புறது

மேல சொன்ன எதுவும் ஒத்துவராத ஷாட்டுக்கு மட்டும் இங்க வாங்க.

வீடியோ சப்டைட்டில் ரிமூவர்னு இலவசமா ஒண்ணு கெடைக்குது. அதுக்குள்ள மூணு முறை இருக்கு. எஸ்டிடிஎன் வேகமா போகும், மனுஷங்க வர்ற சாதாரண வீடியோவுக்கு மொதல்ல இதைப் போடுங்க. லாமா ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமா பாக்கும், கார்ட்டூனுக்கு பரவால்ல, சாதாரண வீடியோவுல ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறி மினுமினுக்கும். ப்ரோபெயின்டர் அசைவு நிறைய இருக்கிற ஷாட்டுக்கு நல்லா வரும், ஆனா ரொம்ப மெதுவு, கிராஃபிக்ஸ் கார்டு மெமரியைத் தின்னும், அதுக்கும் மேல அதோட லைசென்ஸ் வணிகத்துக்கு இல்ல, கடைக்காரர் அதை வச்சு காசு வாங்கலாமான்னு அவர் யோசிக்கணும். காசு குடுக்கிற வழின்னா ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல 2019-ல இருந்து கன்டென்ட் அவேர் ஃபில் இருக்கு, மாச சந்தா. டாவின்சி ரிசால்வ்ல ஆப்ஜெக்ட் ரிமூவல் இருக்கு, ஆனா காசு கட்டுற ஸ்டுடியோ வெர்ஷன்ல மட்டும்தான், இலவசத்துல தேடி நேரத்தை வீணாக்காதீங்க. ஒரு வீடியோவுக்காக அதை வாங்குறது வேணாம், ஏற்கனவே வச்சிருக்கிற எடிட்டரைப் பிடிங்க.

நேரத்தை இப்படிக் கணக்குப் போடுங்க. நம்ம ஊர் விசேஷ வீடியோ பெரும்பாலும் செகண்டுக்கு 25 ஃப்ரேம். 40 நிமிஷ வீடியோன்னா 60,000 ஃப்ரேம். பாதி நேரம் எழுத்து இருக்குன்னு வச்சா 30,000. உங்க மெஷின் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு செகண்ட் எடுத்தா 8 மணி 20 நிமிஷம், அஞ்சு செகண்ட் எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு நாள் விடாம ஓடணும். என்விடியா கார்டு இல்லாத லேப்டாப்ல இதை ஆரம்பிக்காதீங்க. மலை மேல வீட்டுல வச்சு ஓட்டுறவங்க யூபிஎஸ் இல்லாம விடாதீங்க, காத்தும் மழையும் சேந்து வந்தா கரண்ட் போயிரும், ரெண்டு நாள் ரெண்டர் அப்படியே போகும். ஷாட் ஷாட்டா வெட்டி ஓட்டினா போனாலும் ஒரு ஷாட்தான் போகும்.

மாஸ்க்கை, அதாவது நிரப்பணும்னு குறிச்சுக் காட்டுற எடத்தை, எழுத்தை விட சில பிக்சல் பெரிசா வைங்க. எழுத்தைச் சுத்தி கறுப்பு ஓரம், நிழல், அதுக்கும் வெளிய வீடியோவைச் சுருக்கும்போது வந்த புள்ளி புள்ளியா அழுக்கு எல்லாம் இருக்கும், எழுத்தை மட்டும் எடுத்தா அதோட உருவம் அப்படியே நிக்கும். எழுத்து மெதுவா மங்கி வந்து மங்கிப் போற ஸ்டைலா இருந்தா முன்னாலயும் பின்னாலயும் சில ஃப்ரேம் சேத்துக்கோங்க, அங்கதான் ஒரு மின்னல் மாதிரி எழுத்து தெரிஞ்சு மறையும். பழைய டிவிடில இருந்து எடுத்த 720க்கு 576 வீடியோன்னா மொதல்ல டீஇன்டர்லேஸ் (கோடு கோடா பின்னி இருக்கிற படத்தை முழு ஃப்ரேமா மாத்துறது) பண்ணிட்டு அப்புறம் நிரப்புங்க, இல்லைன்னா சீப்புப் பல்லு மாதிரி கோடு வரும்.

எங்க நல்லா வரும் எங்க வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். பனிமூட்டம், வானம், சுவரு, தார் ரோடு, ஏரித் தண்ணி இதெல்லாம் நல்லா வரும். சில்வர் ஓக் மரத்து இலை, காப்பிச் செடி இதெல்லாம் தூரத்துல இருந்தா பரவால்ல. ஜரிகை பார்டர், கோலம், போர்டுல இருக்கிற எழுத்து, பல்லு, விரல், இதெல்லாம் வரவே வராது. எங்க வீடியோவுல பெரியம்மா மொறத்துல மிளகு உதிர்க்கிற ஒரு ஷாட், சப்டைட்டில் சரியா அவங்க கை மேல ஓடுது. ஏஐ நிரப்பினதைப் பாத்தா மொத பார்வைக்கு அருமையா இருக்கு, நிறுத்திப் பாத்தா நடுவிரல் நுனி மிளகுக் கொத்தோட சேந்து ஒண்ணாயிருச்சு, வளையல் ஒரு பக்கம் இருக்கு மறு பக்கம் தோலுக்குள்ள போயிருச்சு. அது அவங்க கை இல்ல. அந்த ஷாட்டுக்கு மட்டும் எழுத்தோட இருக்கட்டும்னு விட்டோம், அதுதான் சரின்னு இப்பவும் நெனைக்கிறேன். வயசானவங்க முகம் க்ளோசப்ல தாடை மேல எழுத்து ஓடுச்சுன்னாலும் இதையேதான் சொல்வேன், வாயை ஏஐ வரைய விடாதீங்க, பேசுறது அவராவே இருக்க மாட்டாரு.

ஆன்லைன்ல வீடியோவை ஏத்தினா எடுத்துத் தர்றேன்னு நிறைய வெப்சைட் இருக்கு. குடும்ப வீடியோவை எங்க இருக்குன்னே தெரியாத சர்வர்ல ஏத்துறதுக்கு முன்னாடி யோசிங்க. சில எடத்துல இலவசம்னு சொல்லி ஏத்த வச்சிட்டு, டவுன்லோடு பண்ணும்போது அவங்க வாட்டர்மார்க் போட்டுத் தருவாங்க.

10. கடையில குடுக்கிறதா இருந்தா

எப்ப குடுக்கிறீங்கங்கிறது முக்கியம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்துல எடிட்டர் எல்லாம் கல்யாண ஆல்பத்துல மூழ்கியிருப்பாங்க, உங்க வேலையை அசிஸ்டென்ட் பையன் கையில குடுத்துருவாங்க. ஆடி, மார்கழில போங்க, நேரம் இருக்கும், ரேட்டும் பேசலாம். ஆடியிலயும் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களை விட்டுருங்க, அந்த வாரம் சேலத்துல யாரும் கெடைக்க மாட்டாங்க.

ரேட் மூணு விதமா சொல்வாங்க, வீடியோ மொத்த நிமிஷத்துக்கு, எழுத்து வர்ற நிமிஷத்துக்கு, இல்லைன்னா மொத்தமா இவ்வளவுன்னு. ரெண்டாவதைக் கேளுங்க, அஞ்சாவது படியில குறிச்ச நேரக் கணக்கு இப்ப உதவும். நாங்க கேட்ட எடங்கள்ல ஒரே வேலைக்கு ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதுல பாதிதான் இருந்துச்சு, விசாரிச்சா கம்மியா சொன்னவரு டிலோகோ போடுறதா இருந்தாரு. அதனால ரேட்டுக்கு முன்னாடி "எந்த முறையில எடுப்பீங்கண்ணா"ன்னு கேளுங்க.

அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி 10 செகண்ட் டெஸ்ட் கேளுங்க. எந்த 10 செகண்ட்ங்கிறதை நீங்க சொல்லணும், அவங்க சொல்லக் கூடாது. இருக்கிறதுலயே கஷ்டமான எடத்தைக் குடுங்க, கை அசையுறது, பட்டுப் புடவை பார்டர், கேமரா திரும்புறது. வானத்தை வச்சு டெஸ்ட் காட்டினா அது டெஸ்டே இல்ல. டெஸ்ட் பண்ண ஒரு சின்னத் தொகை கேட்டா குடுக்கலாம், மொத்தத்துல கழிச்சுக்குவாங்க.

பில்லுல இதை எல்லாம் எழுதச் சொல்லுங்க: எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும், எந்த முறை, எந்த சைஸ்ல ஃபைல் தருவாங்க, எத்தனை தடவை திருத்தித் தருவாங்க, எந்தத் தேதி. விசேஷத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி தேதி போடுங்க. நீங்க குடுக்கிறது காப்பியா இருக்கட்டும், ஒரிஜினல் டிஸ்க்கைக் கடையில வச்சிட்டு வராதீங்க.

11. வாங்கும்போது எப்படிப் பாக்கணும்

அவங்க மானிட்டர்ல ஓட்டிக் காட்டுறதை மட்டும் பாத்துட்டு மிச்சக் காசைக் குடுக்காதீங்க. பென் டிரைவ்ல வாங்கி வீட்டு டிவில போட்டு, ஒரு தடவை சாதாரணமா, ஒரு தடவை எழுத்து இருந்த எடத்தை மட்டும் பாத்துக்கிட்டு ஓட்டுங்க. அப்புறம் எழுத்து ஆரம்பிக்கிற ஃப்ரேம், முடியுற ஃப்ரேம் எல்லாத்தையும் விஎல்சில கீபோர்டுல இருக்கிற E எழுத்தை அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமா நகத்திப் பாருங்க. வாயும் சத்தமும் ஒத்துப் போகுதான்னு கடைசி அஞ்சு நிமிஷத்துல பாருங்க, ஃப்ரேம் ரேட் மாறியிருந்தா அங்கதான் விலகல் நல்லா தெரியும். ஆடியோவை அப்படியே காப்பி பண்ணச் சொல்லுங்க, அதைத் திரும்ப என்கோட் பண்ண ஒரு காரணமும் இல்ல. வீடியோவை ஒரே ஒரு தடவைதான் என்கோட் பண்ணணும், எக்ஸ்264-ல (வீடியோவைச் சுருக்குற என்கோடர்) குவாலிட்டி அளவு சிஆர்எஃப் 18 போதும், நடுவுல ரெண்டு மூணு தடவை எக்ஸ்போர்ட் பண்ணா முகம் எல்லாம் மெழுகு மாதிரி ஆயிரும்.

மண்டபத்து எல்ஈடி ஸ்க்ரீன்ல வாய்ப்பு கெடச்சா முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை போட்டுப் பாருங்க. டிவில தெரியாத ப்ளர் பட்டை அங்க தெரியும். அப்படி ஏதாவது ஷாட் உறுத்தினா அதை எழுத்தோட இருக்கிற பழைய ஷாட்டா மாத்திட்டு ஓட்டுங்க, அதுக்காகவே பழைய ஃபைலும் அதே பென் டிரைவ்ல இருக்கட்டும்.

முடிஞ்சதும் எழுத்து இருக்கிற பழைய ஃபைல், எழுத்து இல்லாத புது ஃபைல், தனி எஸ்ஆர்டி, மூணையும் ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ணு வீட்டு ஹார்ட் டிஸ்க், இன்னொண்ணு கூகுள் டிரைவ், அங்க 15 ஜிபி இலவசம். இனிமே யாருக்காவது வேற மொழில சப்டைட்டில் வேணும்னா எம்கேவில தனி ட்ராக்கா சேத்து அனுப்புங்க, வேணுங்கிறவங்க ஆன் பண்ணிக்குவாங்க.